சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு!

தலைப்பைப் பார்த்ததும் ஏதோ கட்சிக் கொடி விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போகிற இரண்டே இரண்டு வயரைப் பற்றிய கட்டுரை.

"இதுல எழுத என்னடா இருக்கு? ரெண்டு முனையைச் சீவி ரெண்டு ஓட்டையில சொருகுறதுதானே!" மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் இப்படித்தான் கேட்டான். "காதல், நட்பு, அம்மா... இந்த மூணுல ஒண்ணு எழுது, கண்டிப்பா போட்டுடறோம்" என்றும் சொன்னான். அந்த மூன்றைப் பற்றியும் இந்த மலரில் நிறையப் பேர் என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்கள். வயரைப் பற்றி எழுத ஆள் இல்லை. ஆகவே நான்.

கிளாஸ் பி புஷ்-புல் ஆம்ப்ளிஃபயரின் அதிகபட்சத் திறன் என்ன என்று நம் வகுப்பில் யாரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் 78.5 சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். டெரிவேஷன் கூட வரும். ஆனால் அதே ஆளிடம் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸையும் ஒரு சுருள் வயரையும் கொடுத்து, "முப்பது மீட்டர் தள்ளி வை, எந்த வயர் வாங்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார். மூன்று வருட டிப்ளமாவில் லேப் ரெக்கார்டு எத்தனை எழுதினோம்! அதில் ஒரு பக்கமாவது ஸ்பீக்கர் வயருக்கு உண்டா? இல்லை. இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் ஹெல்பர். என் அட்மிஷன் கார்டு வந்த அன்றே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "எம் புள்ள கரண்டு படிக்கிறான்." அவ்வளவுதான்! அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஃபேன் சுத்தாவிட்டாலும், மிக்ஸி நின்றாலும், டி.வி.யில் படம் வராவிட்டாலும் எங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படுகிறது. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு டெரிவேஷன் வேண்டாம். "தம்பி, இத மாட்டிக் குடு" என்பார்கள். மாட்டத் தெரிய வேண்டும்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் தீபாவளி போனஸ் பணத்தில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பாக்ஸும் வாங்கினார். வாங்கின வேகத்தில் அவரே மாட்டினார். வயரை அரை இஞ்சுக்குப் பதில் ஒன்றரை இஞ்சு சீவி, முறுக்காமல் அப்படியே சொருகினார். நல்லாத்தான் பாடியது. கால் மணி நேரம் கழித்து வால்யூமை ஏற்றியதும் ஒரு கருகல் வாசனை, அப்புறம் நிசப்தம். நான் போய்ப் பார்த்தபோது பின்பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை சிவப்பிலிருந்து எட்டிக் கறுப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடைக்காரர், "வயர் நீங்க மாட்டினது, வாரண்டி கிடையாது" என்று கைவிரித்துவிட்டார். ரிப்பேர் செலவு ஆயிரத்து நானூறு ரூபாய். அது அண்ணனுக்கு எத்தனை ஓவர்டைம் என்று அவர் வீட்டு அண்ணியைக் கேளுங்கள்.

ஒரே ஒரு இழை! சில ஐ.சி.களில் ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு உண்டு என்பது உண்மைதான். மலிவு செட்டில் அதை நம்பி உட்கார முடியாது. செட்டை ஆஃப் பண்ணு, ஒரு சென்டிமீட்டர் மட்டும் சீவு, இழைகளை இறுக்கி முறுக்கு, சொருகு, வெளியே செம்பு தெரிகிறதா என்று குனிந்து பார், பிறகு ஆன் பண்ணு. இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எந்தப் பாடத்திலும் இல்லை.

அடுத்து சிவப்பு, கறுப்பு. ஸ்பீக்கருக்குப் போவது ஏ.சி.தானே, அதில் பாசிட்டிவ் ஏது நெகட்டிவ் ஏது என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் என்றால் கவலையில்லை. இரண்டு என்றால்தான் வம்பு. ஒன்றின் கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போனால், ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். முதலில் காணாமல் போவது பேஸ். அதோடு நடுவில் நின்று பாட வேண்டிய பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. மண்டைக்குள் பாடுவது போல இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தலைகீழாக மாட்டினால் பெரிய பாதகம் இல்லை. ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் இருப்பதுதான் தப்பு.

ஸ்டீரியோ என்ற சங்கதியே நடுவில் நிற்கும் அந்தப் பாடகருக்காகத்தான். ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கில இன்ஜினீயர் 1931 டிசம்பரில் இதற்கு பேட்டன்ட் விண்ணப்பம் போட்டார். சினிமாவுக்குப் போனபோது, நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் இருக்க அவர் குரல் வேறு எங்கிருந்தோ வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். தமிழில் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படமாக 1978-ல் வந்த 'பிரியா'வைச் சொல்வது வழக்கம். இளையராஜா இசை. இவ்வளவு பேர் மெனக்கெட்டு இடதும் வலதுமாகப் பிரித்துக் கொடுத்ததை, நாம் ஒரு வயரைத் திருப்பி மாட்டிக் குழம்பாக்கிவிட்டு, "ரெக்கார்டிங் சரியில்ல மச்சி" என்கிறோம்!

பாக்ஸில் நிறம் அழிந்து போயிருந்தால் ஒரு பென்டார்ச் செல் போதும். ஒன்றரை வோல்ட். செல்லின் பிளஸ்ஸை ஒரு முனையிலும் மைனஸ்ஸை மறு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பெரிய கோன் வெளியே துள்ளினால் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு. உள்ளே போனால் மற்றது. கூடுதலாக நேரம் வைத்திருக்க வேண்டாம், ட்வீட்டரில் இதைச் செய்யவும் வேண்டாம்.

இனி விலை விவகாரம். ரிச்சி தெருவுக்குப் போகாத எலக்ட்ரானிக்ஸ் மாணவன் உண்டா? ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ சென்ட்ரலுக்கு ரயில், அங்கிருந்து நடை. அந்தச் சந்துகளில் ரெசிஸ்டர் முதல் ரேக் வரை எல்லாம் கிடைக்கும். ஸ்பீக்கர் வயரும் கிடைக்கும், சாதாரணத்தில் இருந்து தங்க முலாம் முனை வரை. "ஆக்ஸிஜன் ஃப்ரீ காப்பர் தம்பி, சவுண்டே வேற மாதிரி இருக்கும்" என்று என்னிடமும் ஒரு கடையில் சொன்னார்கள். மீட்டர் விலை கேட்டேன். என் ஒரு மாத ரயில் பாஸை விட அதிகம்!

வித்தியாசம் உண்மையிலேயே காதுக்குத் தெரியுமா? 1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் என்பவர் இதைச் சோதித்து எழுதினார். எந்த வயர் ஓடுகிறது என்று கேட்பவருக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார்கள். விலை உயர்ந்த மான்ஸ்டர் கேபிளையும் சாதாரண 16 கேஜ் வயரையும் கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரொம்ப மெல்லிய 24 கேஜ் வயரை மட்டும் இரைச்சல் ஒலி வைத்துக் கண்டுபிடித்தார்கள். பிறகு 2007-ல் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, 7250 டாலர் விலையுள்ள பேர் கம்பெனி ஸ்பீக்கர் கேபிளையும் மான்ஸ்டர் கேபிளையும் காதால் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் என்று சவால் விட்டார். பேச்சு நடந்தது, வாய்ச்சண்டை நடந்தது, சோதனை மட்டும் கடைசி வரை நடக்கவில்லை. பத்து லட்சம் டாலரை யாராவது சும்மா விடுவார்களா, சொல்லுங்கள்!

ஆக, பார்க்க வேண்டியது பெயரை அல்ல, பருமனை. நம் ஹார்டுவேர் கடைகளில் வயரை 14/36, 23/36, 40/36 என்று கேட்போமே, அதில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வொரு இழையின் கேஜ். 36 கேஜ் இழை ஒன்றின் விட்டம் 0.193 மி.மீ. கணக்குப் போட்டால் 14/36 சுமார் 0.41 சதுர மி.மீ., 23/36 சுமார் 0.67, 40/36 சுமார் 1.17. ஒரு சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டருக்கு 0.0172 ஓம். போக ஒன்று வர ஒன்று என்பதால் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வீட்டில் ஐந்து மீட்டர் தூரம் என்று வையுங்கள். பத்து மீட்டர் வயர். 14/36-ல் 0.42 ஓம், 23/36-ல் 0.26, 40/36-ல் 0.15. ஸ்பீக்கரின் ஓமில் இருபதில் ஒரு பங்குக்குள் வயர் இருந்தால் போதும் என்பது பழைய கைக்கணக்கு. 8 ஓம் பாக்ஸுக்கு 0.4, 4 ஓம் பாக்ஸுக்கு 0.2. அதாவது 40/36 இரண்டுக்கும் தாராளம். கிரீன்ஹில் சோதித்த 16 கேஜ் அமெரிக்க அளவு, நம் 40/36-ஐ விடக் கொஞ்சம்தான் பருமன். தங்க முலாமுக்குக் கொடுக்கும் காசில் நல்ல பாக்ஸாக ஒன்று வாங்கிவிடலாம்.

ஆனால் ஒன்று. செம்பு செம்பாக இருக்க வேண்டும். இப்போது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் நிறைய விற்கிறது. பார்வைக்கு அதே நிறம். ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சுருளைக் கையில் தூக்கினாலே கனம் இருக்காது, செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது அலுமினியம். பழைய இரும்புக் கடைக்காரர் தராசே இல்லாமல் இதைச் சொல்லிவிடுவார். டிப்ளமா ஹோல்டர் நாம் லேபிளைப் படித்து ஏமாறுகிறோம்!

வீட்டுக் கணக்கு இவ்வளவுதான். தெருவுக்கு வந்தால்தான் கதை பெரிசு. ஆடி மாதம் திருவேற்காடு பக்கமோ பூந்தமல்லி பக்கமோ போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ், தெருவுக்குத் தெரு மைக் செட். ஆயுத பூஜை அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறைக்குப் பட்டறை பாக்ஸ் கட்டுவார்கள். கோவில் அருகே இரண்டு பாக்ஸ், முப்பது மீட்டர் தள்ளித் தெருமுனையில் இரண்டு பாக்ஸ், அதற்கு வீட்டு விளக்குக்குப் போடுகிற 14/36 வயர். அறுபது மீட்டருக்கு இரண்டரை ஓம்! அந்த இரண்டு 8 ஓம் பாக்ஸ்களும் பேரலலில் 4 ஓம். பாக்ஸ் வாசலில் கிடைப்பது, பக்கத்தில் வைத்தால் கிடைப்பதில் நூற்றுக்கு 38 பங்குதான். 40/36 போட்டிருந்தால் 67.

அடுத்து என்ன நடக்கும்? தெருமுனையில் கேட்கவில்லை என்று யாராவது ஓடி வருவார். வால்யூம் ஏறும். கோவில் அருகே இருக்கும் பாக்ஸ் அலறும். ஆம்ப்ளிஃபயர் திணறி அலையின் தலையை வெட்டும், முதலில் ட்வீட்டர் சாகும். தெருமுனையில் அப்போதும் சுமார்தான். பங்குனித் திருவிழா வந்தால் ஏப்ரல் எக்ஸாமும் கூடவே வருகிறதே, கோவிலுக்கு அடுத்த வீட்டில் இருந்து படிக்கிற பையனின் காதுக்கு யார் பதில் சொல்வது? சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சட்டப்படி ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது ஊருக்கே தெரியும். பத்து மணிக்கு முன்னால் அலறுவதில் ஒரு பங்கு பக்தியால் அல்ல, மெல்லிய வயரால். இது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் ஓம் விதியை எடுத்துக்கொண்டு வரலாம்.

தூரத்துக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. அஹுஜா மாதிரி பொதுக்கூட்ட ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்று வரிசையாக இருந்து, ஓரத்தில் 100 வோல்ட் என்று ஒரு முனை இருக்கும். நூறு வாட்டை 4 ஓமில் அனுப்பினால் ஐந்து ஆம்பியர். 100 வோல்ட்டில் அனுப்பினால் ஒரே ஆம்பியர். அதே இரண்டரை ஓம் வயரில் இரண்டரை வாட்தான் வீணாகும். மின்வாரியம் தூரத்துக்கு ஹைடென்ஷனில் அனுப்புகிற அதே தந்திரம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அவ்வளவே. நம் கல்லூரி விழாவில் பின் வரிசைக்குப் பேச்சு கேட்கவில்லை என்று வருடா வருடம் கூச்சல் போடுகிறோமே, அந்த ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை யாராவது ஒரு தடவை எட்டிப் பார்த்தோமா?

அந்த 100 வோல்ட் முனையைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர் வயர் முனையில் டூ பின் டாப்பு! மைக் செட் ஆட்கள் பலர் இப்படித்தான் போடுகிறார்கள். வேகமாகச் சொருகலாம், வேகமாகப் பிடுங்கலாம், அவர்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் பந்தல் இருட்டில் எந்த சாக்கெட் கரண்ட், எந்த சாக்கெட் ஆம்ப்ளிஃபயர் என்று யார் பார்ப்பது? 230 வோல்ட்டில் ஒரு 8 ஓம் பாக்ஸைச் சொருகினால் கணக்குக்கு 6600 வாட். காயில் ஒரு நொடியில் பஸ்பம். பாக்ஸ் போனால் போகட்டும். இரண்டு பக்கமும் டாப்பு உள்ள வயரில் ஒரு முனை கரண்டில் இருந்து, மறு முனைப் பின்கள் ஒரு பையனின் கையில் இருந்தால்? அந்த வேலைக்கு வருகிற பையன்கள் நம் வயதுதான், நம்மை விடச் சின்னவர்களும் உண்டு. ஸ்பீக்கருக்கென்றே திருகிப் பூட்டுகிற கனெக்டர் கடையில் விற்கிறது. கரண்டு சாக்கெட்டில் அதைச் சொருகவே முடியாது. பாக்ஸுக்கு இரண்டு வாங்கினால் போதும்.

வயர் மிச்சம் பிடிக்கிற இன்னொரு வழக்கம்: இரண்டு ஸ்பீக்கருக்கும் கறுப்பைப் பொதுவாக்கி மூன்றே வயரில் முடிப்பது. பழைய அசெம்பிள்டு செட்டில் கறுப்பு இரண்டும் உள்ளே கிரவுண்டில் சேர்ந்தே இருக்கும், அதனால் பிரச்சினை வரவில்லை. இப்போது பிரிட்ஜ் முறையில் ஓடுகிற செட்டுகள் நிறைய. நம் எல்லோருக்கும் தெரிந்த எல்.ஏ. 4440 ஐ.சி.யையே எடுங்கள். ஸ்டீரியோவாகக் கட்டினால் பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜாகக் கட்டினால் 19 வாட். பிரிட்ஜில் கறுப்பும் கிரவுண்ட் இல்லை, இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும். அங்கே கறுப்பைக் கறுப்போடு சேர்த்தாலோ, ஷேர் ஆட்டோவில் செய்கிற மாதிரி பாடியில் எர்த் பண்ணினாலோ ஐ.சி. காலி. ஆவடி–பூந்தமல்லி ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் பாடுகிற ஆட்டோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும்.

"இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலைடா, நாம சூப்பர்வைசர் ஆகப் போறவங்க" என்று ஒரு நண்பன் சொன்னான். கை அழுக்காகிற வேலை கீழானது என்கிற எண்ணம் நம் ஊரில் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் அப்பா கையில் இருபது வருடமாக ஆயில் போகவில்லை. அந்தக் கையில் வந்த காசில்தான் நான் ஃபீஸ் கட்டினேன். சூப்பர்வைசர் ஆனாலும், கீழே வேலை செய்பவர் 14/36 இழுக்கிறார் என்றால் "அண்ணே, அது பத்தாது" என்று சொல்லவாவது தெரிய வேண்டாமா? இன்னொருவன், "இப்ப எல்லாம் புளூடூத் வந்தாச்சு" என்றான். அந்தப் புளூடூத் டப்பாவைத் திறந்து பார், உள்ளேயும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்தான் கோனுக்குப் போகிறது.

பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த ஆடிக்கு முன் ஒரு சனிக்கிழமை, அரை நாள், நம் லேபிலேயே ஒரு பயிற்சி. நம் மாணவர்களோடு, சுற்று வட்டாரத்தில் மைக் செட் வேலைக்குப் போகிற பையன்களையும் கூப்பிட வேண்டும். சர்டிஃபிகேட் எதுவும் வேண்டாம், டீயும் சமோசாவும் போதும். அவர்கள் நமக்குப் பாக்ஸ் தூக்கிக் கட்டச் சொல்லித் தரட்டும். ஏணி மேல் நின்று வேலை செய்வது நமக்குத் தெரியாது. துறைத் தலைவர் ஐயா லேபைத் திறந்துவிடச் சம்மதித்தால் போதும். வேண்டிய சாமான்: பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, பாக்ஸ் நான்கு, 14/36-ம் 40/36-ம் முப்பது முப்பது மீட்டர், மல்டிமீட்டர், ஒரு டஜன் பென்டார்ச் செல். ஆம்ப்ளிஃபயர் லேப் பீரோவில் இருக்கிறது. இரண்டு பாக்ஸ் தருவதாக எங்கள் தெரு அண்ணன் சொல்லிவிட்டார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு